கிடா சிலுப்பவில்லை

இரண்டாவது செம்பு மஞ்சத்தண்ணியும் தலையில் கொட்டியாகிவிட்டது. கிடா சிலுப்பவில்லை.

சம்பந்தி வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி விறைப்பாக நின்றது. சனியன்!

கயிற்றைப் பிடித்திருந்த செவந்தி அதை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தாள். ஒன்பது வயது. அருவாளுக்கும் ரத்தத்துக்கும் அவள் பயந்தவள் இல்லை. வெட்டுப்பட்ட தலை மண்ணில் கிடந்து வாயை அசைப்பதைக் கூழ் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

அவளுடைய பயம் வேறு.

தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் கருப்பர் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால், நேர்ந்துகொண்டதை அவர் வேண்டாம் என்கிறார். போன வருஷம் கண்ணுசாமி வீட்டுக் கிடா சிலுப்பவில்லை. ஒன்பதாம் நாள் அந்த வீட்டுப் பிள்ளையைப் பாயில் சுருட்டித் தூக்கிப்போனார்கள்.

இந்தக் கிடா தம்பி அடைக்கலத்துக்காக. பதினோரு நாளாக அவனுக்குக் காய்ச்சல். ஆத்தா பிச்சையம்மாளின் தோளில் துவண்டு கிடந்தான்.

பக்கத்தில் ராசு நின்றான். பெரியம்மா மகன். யுத்தத்துக்குத் தப்பி ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். குண்டு விழுந்து தெருவே எரிந்ததைக் கதை கதையாய்ச் சொல்கிற பயல், அருவாளைக் கண்டதும் கால்சட்டையை நனைத்துவிட்டான். இப்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“அப்ப இத விட்டுருவாங்கதானே, செவந்தி?”

விட்டாள் ஓர் அறை. அவன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற நேரமா அது?

பூசாரி ஆவுடையப்பன் அருள் வந்து சாட்டையால் தன்னையே விளாசிக்கொண்டிருந்தார். முதுகுத் தோல் பிய்ந்து தொங்கியது. வீட்டுக்குள் குற்றம் இருக்கிறது என்று கத்தினார். மூன்றாவது செம்பைக் கேட்டார்.

மூன்றுதான் கணக்கு. அதற்கு மேல் கிடையாது.

செவந்தி குனிந்தாள். காலடியில் கிடந்த கருவேல முள்ளை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஆத்தா, தம்பியை அப்பன் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தாள். கிடாவின் மறுபக்கம் விழுந்து அதைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“கருப்பா, எம்புள்ளைய எடுத்துராதய்யா!”

தண்ணீர் விழுந்தது. செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைக் கிடாவின் இடது விலாவில் முழுசாக ஏற்றினாள்.

கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது!

குலவைச் சத்தம் கண்மாய்க்கரை வரைக்கும் போயிருக்கும். ஆத்தா எழுந்து விலகினாள். ஒரே வெட்டு. தலை தனியாய்ப் போய் விழுந்தது. ரத்தம் பீய்ச்சி செவந்தியின் முகத்தில், வாயில் அடித்தது. முண்டம் கீழே விழுந்து நாலு காலையும் உதறியது.

தோலை உரிக்கும்போது முள் ஆப்பிட்டால் போச்சு. செவந்தி முண்டத்தின் மேல் கவிழ்ந்து, மயிருக்குள் துழாவி முள்ளைப் பிடுங்கினாள். அப்பாடா! ஆனால் மறுபக்கம் கை பட்ட இடத்தில் இன்னொன்று சுருக்கென்று குத்தியது.

இழுத்தாள். முள் இல்லை. ஊக்கு.

மூக்கு வளைந்த பித்தளை ஊக்கு. ஆத்தாவின் தாலிக்கயிற்றில் எப்போதும் கிடப்பது.

நிமிர்ந்து பார்த்தாள். ஆத்தா தம்பியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றவர்களைவிட உரக்கக் குலவையிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் கழுத்துக் கயிற்றை மேலும் கீழும் தடவித் தேடியது. கண் இரண்டும் முண்டத்தின் மேலேயே இருந்தன.

கருப்பரை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர். அவர் சும்மா விடமாட்டார். ஆத்தாவைக் கொண்டுபோய்விட்டால் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

ரத்தத்தைத் துடைக்காமல் ஊக்கைத் தன் பாவாடையில் மாட்டிக்கொண்டாள். எழுந்து, உருட்டி விழிக்கிற கருப்பர் சிலைக்கு நேரே போய் நின்றாள்.

“ரெண்டும் நாந்தான்” என்றாள்.