கடைசித் திருத்தம்

காலையில் நிகிலன் பால் காய்ச்சினான், காபி கலந்தான், சமையலறை ஸ்பீக்கரைப் போட்டான்.

“எழுந்துட்டீங்களாங்க?” என்றாள் மிருதுளா.

அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை அவனை ஒருநாளும் ‘ங்க’ போட்டு அழைத்ததில்லை.

மாமியாருக்குப் போன் செய்தான். “அத்தை, அவ பேச்சை மாத்துனீங்களா?”

“ஆமா மாப்ள. நாலு பேர் காதுல விழற மாதிரி கட்டினவனை வாடா போடான்னா நல்லாவா இருக்கு? எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல.”

இறந்தவர்களின் குரலில் பேசும் இணையதளத்தில் அவர்களைப் பற்றிச் சொந்தக்காரர்கள் யாரும் எழுதலாம், திருத்தலாம்; எழுதியதை வைத்துத்தான் குரல் பேசும். அதை அமைக்க வந்தவர் சாவு வீட்டிலேயே அவனிடம் எழுதுவதைச் சேமிக்கும் இரண்டு வகை டேட்டாபேஸ்களைப் பற்றிச் சொன்னார். ஒன்று பழையதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும், ஆனால் பதில் தாமதமாக வரும். மற்றது கடைசித் திருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடனுக்குடன் பேசும். அவளைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கத் தெம்பில்லாமல் அவன் இரண்டாவதைக் கேட்டு வாங்கினான்.

“ஆஸ்பத்திரியில கடைசியா எங்கிட்ட என்ன சொன்ன?” என்று ஸ்பீக்கரிடம் கேட்டான்.

“அடுத்த ஜென்மத்துலயும் நீங்கதான் வேணும்னு சொன்னேங்க.” கேட்ட மறுநொடியே சொன்னாள். குரல் அவளுடையதேதான்.

நிஜமாக அவள் சொன்னதை அவன் தளத்தில் எழுதவில்லை. எழுதினால் அதையும் யாராவது திருத்திவிடுவார்கள். மறந்துவிடாமல் இருக்க, ஆபீஸ் போகும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

“ஃபேனைக் குறைடா, குளிருது.”