நாற்பது மீட்டர் ஒயர்

"எல்லா சுவிட்சையும் அணைச்சாச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன்க்கா மீட்டர்ல இன்னும் கரண்ட் ஓடுது?"

சோலார் மெக்கானிக் இப்படிக் கேட்டதும் அவள் மூலையிலிருந்த தண்ணீர் டிரம்மை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். மாடிப்படிக்குக் கீழே, பேட்டரிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் அவன். அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் அவள் கணவர். தையல்காரர். கழுத்தில் எப்போதும் போல இஞ்சு டேப். மடியில் ஒரு சுத்தியல்.

அந்தச் சுத்தியல் எதற்கு என்று காலையிலிருந்து அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

"பழைய பேட்டரி தம்பி, அதுவா கசியும்," என்றாள்.

"கசியறதுன்னா சொட்டுச் சொட்டாக் கசியணும். இது குழாயைத் திறந்துவிட்ட மாதிரில்ல போகுது!"

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா? அவர் பார்க்கட்டும்," என்றார் தையல்காரர்.

அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அந்தக் கரண்ட் எங்கே போகிறது என்று அவளுக்குத்தானே தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை. அதில் அவர்கள் மகன், மருமகள், மூச்சிழுப்பு வந்து அவதிப்படும் ஒன்பது மாதப் பேத்தி. அந்த அறைக்கு இன்னும் கரண்ட் இணைப்பு வரவில்லை. குழந்தைக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மெஷின் இந்த பேட்டரியில்தான் ஓடுகிறது. இது மதிய மருந்து நேரம்.

மகனும் அப்பாவோடு உட்கார்ந்து தைத்தவன்தான். ஒருநாள் துணி கொடுக்க வந்தவர்கள் முன்னால், "அப்பாகிட்ட குடுக்காதீங்க, அவருக்குக் கண்ணு போச்சு" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே அவனை வெளியே போகச் சொன்னார். அவன் இறங்கிப் போன பின்கதவில் நாலு ஆணி அடித்தார். "இனிமே அவன் மூச்சுக்காத்துகூட இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார்.

கதவு வழி அடைபட்டதால் அவளும் மருமகளுமாக ஒயரை மாடிக்கு ஏற்றி, மழைக் குழாயோடு இறக்கி, பக்கத்து வீட்டு மதிலைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, மூன்று நாள் வேலை.

ஒரு வாரமாக அவர் போக்கே சரியில்லை. ஃபேன் போடுவதில்லை. விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷினை நகர்த்தி, வேர்வை ஒழுக ஒழுகத் தைத்தார். கரண்ட் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மெக்கானிக்கையும் கூட்டிவந்துவிட்டார்.

மெக்கானிக் தண்ணீர் டிரம்மை நகர்த்தினான்.

"இதோ இருக்கே! இது நான் போட்ட ஒயர் இல்லைண்ணே. நூல் மாதிரி இருக்கு."

"அது... துணி காயப்போடக் கட்டினது," என்றாள் அவள்.

"செப்புக் கம்பியிலயா? பெரிய இடந்தான்க்கா நீங்க!"

அவன் மாடிக்கு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை தையல்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"மதிலைச் சுத்தி வெளியே போகுதுண்ணே. நாப்பது மீட்டராவது இருக்கும். நல்லா உங்க தலையில மிளகாய் அரைச்சிருக்காங்க. வெட்டிடவா?" என்று கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"வெட்டாதீங்க!"

கத்திய பிறகுதான் கத்திவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. தையல்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"இருங்க தம்பி. இவ்வளவு தூரம் போனா முனையில எவ்வளவு போய்ச் சேரும்?"

"பன்னிரண்டு வோல்ட்டுங்கிறவன் நோஞ்சான் ஆளுண்ணே. பக்கத்துல வேலை வச்சா செய்வான். மெல்லிசு ஒயர்ல நாப்பது மீட்டர் நடக்கவிட்டா, போய்ச் சேர்றதுக்குள்ள நாக்குத் தள்ளிடும். பத்து போய்ச் சேர்ந்தா பெரிசு. மிச்சமெல்லாம் ஒயரைச் சூடு பண்றதுக்கே சரி."

"அப்ப அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடுதுன்னா?"

"முக்கி முனகிக்கிட்டு ஓடும். திடீர்னு நின்னும் போகும்."

"அதுக்கு என்ன வழி?"

"ஒண்ணு, தடி ஒயர் போடணும். இல்லைன்னா நீளத்தைக் குறைக்கணும். திருட்டுப் பயலுக்கு எதுக்குண்ணே வழி? சொல்லுங்க, வெட்டறேன்."

தையல்காரர் எழுந்தார். கையில் சுத்தியல். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்னங்க, அவங்க மேல தப்பில்ல. எல்லாம் நான் பண்ணினது. என்னை என்ன வேணா சொல்லுங்க, அதை மட்டும்..." அவள் ஓடிவந்து டிரம்முக்கு முன்னால் மறித்து நின்றாள்.

அவர் அவளைத் தாண்டி நடந்தார். டிரம்மையும் தாண்டிப் போனார். பின்கதவுக்கு முன்னால் நின்று, சுத்தியலின் பிளந்த முனையை முதல் ஆணியின் தலையில் கொடுத்து நெம்பினார்.

"சுத்திக்கிட்டுப் போக வேணாம் தம்பி, இப்படியே போட்டா எட்டு மீட்டர்தான், காலையில அந்தப் பக்கம் போய் டேப் வச்சு அளந்துட்டேன்," என்றவர், அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு வாரமா அந்தப் பொடிசோட மெஷின் முனகறது சுவத்தைத் தாண்டி வருது. எனக்குக் கண்ணுதானே போச்சு, காது போகலையே."