ஐ.சி.யின் கடைசிக் கால்

மூச்சை அடக்கிக்கொண்டு ஐ.சி. என்ற நகத்தளவுச் சில்லின் கடைசிக் காலைச் சால்டரிங் அயனால் தொட்டேன்.

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் ரேடியோவை அரைத்தூக்கத்தில்கூடப் பற்றவைப்பேன். இந்த ஆஸ்பத்திரிக் கருவி அப்படியில்லை. ஐ.சி.யின் கால்களைச் செருக சர்க்யூட் பலகையில் துளையே கிடையாது. எறும்புக் கால் தடிமனில் இருந்த அந்தக் கால்கள் செம்புத் தடத்தின் மேல் சும்மா படுத்துக் கிடந்தன.

ஈயம் கூடினால் பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும். சூடு கூடினால் ஐ.சி. செத்துப்போகும். சீமையிலிருந்து கருவியோடு வந்த மாற்று ஐ.சி. இது ஒன்றுதான்.

எனக்குப் பின்னால், மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வேம்பார் இசபெல்லா படுத்திருந்தாள். முந்தைய பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். நேற்றிலிருந்து வயிற்றில் அசைவில்லை. நீர் அதிகமாகக் கோத்திருந்ததால் டாக்டர் ஞானசௌந்தரி வயிற்றில் வைத்துக் கேட்ட மரக்குழலுக்கு எந்தச் சத்தமும் எட்டவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று இனி, இதயத் துடிப்பைப் பெரிதாக்கிக் கேட்கவைக்கும் இந்தக் கருவிதான் சொல்ல வேண்டும்.

"பைய செய்யுங்க அண்ணாச்சி" என்றாள்.

பதில் தெரிவதைத் தள்ளிப்போடத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கும் அவசரமில்லை.

ஓரிடத்தில் ஈயம் வழிந்து இரண்டு கால்கள் ஒட்டியிருந்தன. ஒயரின் செம்புப் பின்னலை வைத்து, சுடவைத்து, உறிஞ்சி எடுத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என் கை மேல் மரியாதை வந்தது.

கருவியை மூடிக் கொடுத்தேன். டாக்டரம்மா வயிற்றில் எண்ணெய் தடவி, அதன் முனையை வைத்து மெல்ல நகர்த்தினார்.

முதலில் வெறும் இரைச்சல்.

பிறகு கேட்டது. தூரத்தில் கரைக்கு வரும் லாஞ்சின் என்ஜின் போல, விடாமல், வேகமாக.

இசபெல்லா அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்னும் பிறக்காத ஓர் உயிர், நான் வைத்த பொட்டு ஈயத்தின் வழியாக எங்களோடு பேசுகிறது.

அப்போதுதான் என் காது அதைப் பிடித்தது. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இன்னோர் அடி. தாளம் சேராமல், முந்தியும் பிந்தியும் வந்தது.

அப்படியானால் கேட்டதெல்லாமே கருவியின் கோளாறுதானா? இவளை வீணாக அழவைத்துவிட்டேனா?

"நிப்பாட்டுங்கம்மா. ஒரு கால் சரியா ஒட்டல, சத்தம் ரெண்டாக் கேக்கு" என்று பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

டாக்டரம்மா என் கையைத் தடுத்தார். முனையை வயிற்றின் இடப்பக்கம் கொண்டுபோனார். முதல் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

வலப்பக்கம் கொண்டுபோனார். நான் கோளாறு என்று நினைத்தது மட்டும், துல்லியமாகக் கேட்டது.

இசபெல்லா அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

டாக்டரம்மா அவளிடம் இரண்டு விரலைக் காட்டினார்.