பியூரெட் காட்டிய அளவு

"உனக்கென்னடி, வீட்டுலயே அம்மா சொல்லிடுவாங்க" என்றேன்.

நெலிமா சோளமும் பீன்ஸும் வெந்த கிதேரி தின்ற தட்டைக் கழுவிக்கொண்டே, "எதை?" என்றாள்.

"நாளைக்குப் பரீட்சையில, டைட்ரேஷன்ல வரப்போற அளவை."

"எங்கம்மா வீட்டுல உப்பு எங்க இருக்குன்னே சொல்ல மாட்டாங்க, நாமல்வா. தேடிக்கோம்பாங்க."

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை நம்பவும் இல்லை.

கெமிஸ்ட்ரி எடுக்கும் முலோங்கோ மேடம்தான் நெலிமாவின் அம்மா. செய்முறைத் தேர்வு அன்று காலையில் மேடம்தான் கரைசல்களைக் கலக்குவார். காரத்தின் பிங்க் நிறம் மறையும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தானும் ஒருமுறை செய்து பார்த்து, அமிலம் எத்தனை மில்லி இறங்கியது என்று ஒரு தாளில் எழுதி, எங்கள் விடைத்தாள்களோடு உறையில் வைத்து அனுப்புவார். அந்த அளவோடு ஒத்துப்போனால்தான் மார்க்.

மற்ற ஊர்களில் அதை முன்கூட்டியே பிள்ளைகள் காதில் போட்டுவிடுவார்கள் என்று கேள்வி. எங்கள் மேடம் போட மாட்டார். "கண்ணு இருக்கு, பியூரெட் குழாய்ல கோடு இருக்கு. பார்த்து எழுதுங்க" என்பார்.

ஊராருக்குத்தான் இந்த நியாயம், மகளுக்குக் கிடையாது என்று வகுப்பு முழுக்கச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலையில் ஆய்வகத்தின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மேஜை மேல் தாள். மேடத்தின் கையெழுத்து. 24.6.

டீ இடைவேளை முடிவதற்குள் வகுப்பில் முப்பத்தோரு பேருக்கும் தெரிந்துவிட்டது. நெலிமாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

தேர்வில் எனக்குப் பிங்க் நிறம் 19.8-லேயே மறைந்துவிட்டது. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் 19.8. சுற்றிலும் பார்த்தேன். யாரும் பியூரெட்டைப் பார்த்து எழுதவில்லை. நானும் 24.6 என்றே எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க ஒரு முறைக்கு 24.5, இன்னொன்றுக்கு 24.7.

அதற்கு மேல் எல்லாம் சுலபம். அமிலம் இத்தனை மோல். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று. அப்போது காரமும் அத்தனை மோல். பொய்யான எண்ணைக் கொடுத்தாலும் கணக்கு மறுக்காமல் வேலை செய்கிறது.

மேடம் நடந்து வந்தார். என் பியூரெட்டைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். அடுத்த மேஜைக்குப் போய் அங்கேயும் பார்த்தார். நாலாவது மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஜனவரியில் ரிசல்ட். கெமிஸ்ட்ரியில் எனக்கு ஏ மைனஸ். நெலிமாவுக்கு பி மைனஸ். எல்டொரெட் நகரில் நர்சிங் சேர அவளுக்கு பி வேண்டும். ஒரு படி போய்விட்டது.

"சொந்தப் புள்ளையையே கரையேத்தத் தெரியலை, இவங்க ஒரு டீச்சர்" என்று வாசலில் நின்று சொன்னேன். நெலிமா பின்னால் வந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

பள்ளியை விட்டுப் போகிறவர்கள் எதையும் உடைக்கவில்லை என்று எல்லாத் துறையிலும் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ் தருவார்கள். ஆய்வகத்துக்கு உதவியாளர் மசிந்தே போடுவார்.

"எதையாவது உடைச்சியா?"

"இல்ல அண்ணே."

"அன்னிக்கு ஜன்னல்ல எட்டிப் பார்த்தியே, நான் உள்ளதான் இருந்தேன்."

கையிலிருந்த படிவத்தை மேஜை மேல் வைத்தேன்.

"நீ பார்த்தது கொட்டின அமிலத்தோட அளவு. தண்ணி கூடிப்போச்சுன்னு மேடம் அதைக் கொட்டிட்டு வேற கலக்கினாங்க. திருட வந்தவளுக்குக் கெட்டுப்போனது கிடைச்சுதேன்னு சிரிச்சுக்கிட்டேன். நீ ஒருத்தி மாட்டுவேன்னு பார்த்தா, வகுப்புக்கே பந்தி வெச்சிருக்கே."

"புதுசை மேடம் செஞ்சு பார்த்தாங்களா?"

"பார்க்காம? பத்தொன்பது புள்ளி எட்டு."

"அப்புறம் எங்களுக்கு எப்படி மார்க் வந்துச்சு?"

மசிந்தே என் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"ஆளாளுக்கு ஒரே பொய்யை எழுதி வெச்சிருக்கீங்க. 19.8-ன்னு அனுப்பினா எல்லாருக்கும் மார்க் போயிடும். உறையை ஒட்டாம மேடம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் தன் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, வேற தாள்ல உங்க எண்ணை எழுதி உள்ள வெச்சாங்க. இத்தனை வருஷத்துல அவங்க எழுதின ஒரே பொய் அதுதான்."

"நெலிமா என்ன எழுதியிருக்கான்னு அவங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"முப்பத்திரண்டு தாள்ல அவ தாள் ஒண்ணுலதான் பத்தொன்பது புள்ளி எட்டு இருந்துச்சு. அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டுத்தான் உறையை ஒட்டினாங்க."