பப்பாளிப்பால் பொடி

“இன்னாம்மா ஹெலன், உயிரோட வரும், உயிரோட வரும்னு சொல்லிக்கினு இருந்தியே. பொணமால்ல வந்துகீது!”

மேலாளர் துளசிராமன் ஆய்வகத்தின் முடிவை மேசையில் போட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

ஹெலன் அந்தத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பப்பாளிப்பாலிலிருந்து எடுக்கிற புரதம் அது. எப்பேர்ப்பட்ட முரட்டுக் கறியையும் பஞ்சாக்கிவிடும். ஆனால் சூடு ஆகாது. சூடான காற்றில் உலர்த்தினால் பொடி வரும், வேலை செய்யாது; வெறும் பிணம். அதனால்தான் நச்சரித்து நச்சரித்து இந்த இயந்திரத்தை வாங்க வைத்தாள்.

கார்பன் டை ஆக்சைடை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, தான் வாயுவா திரவமா என்று அதற்கே குழப்பம் வந்ததும், நடுவே புரதக் கரைசலைப் பீய்ச்ச வேண்டும். துணைக்குக் கொஞ்சம் ஆல்கஹால். ஈரத்தை அவை இரண்டும் வாங்கிக்கொண்டு போய்விடும். உடம்புச் சூடு போதும்.

இந்தப் பெருமையைப் புதுவாயல் டீக்கடை வரை சொல்லி வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான்.

“திங்கக்கெழம லாரி வந்துரும், மிஷினைத் திருப்பி ஏத்தி அனுப்பிடலாம்” என்றார் துளசிராமன்.

இனி அவளும் பழையபடி சூடான காற்றுக்கே போக வேண்டும். அதைவிட, நம்பியது பொய்த்துப்போனதுதான் நெஞ்சை அறுத்தது.

துளசிராமன் இன்னும் சொறிந்துகொண்டிருந்தார். யோசிக்கும்போது நெற்றியைத் தேய்ப்பது அவர் வழக்கம். இன்று கொஞ்சம் அதிகமாகவே யோசித்தார்.

அழுகையை அடக்க, ஹெலன் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தாள்.

கம்ப்ரஸர் பக்கம் குணா நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தான். ஜோதிலட்சுமி முழங்கையால் தேய்த்தாள். ஆய்வகத்து ஜெகன் குழாயடியில் தலையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு ஷிப்டே உட்கார்ந்து யோசிக்கிற கம்பெனி உலகத்தில் கிடையாது.

மேலாளரின் நெற்றியை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். பூசியிருந்த மூன்று கோடுகளும் செக்கச்செவேலென்று தடித்திருந்தன.

காலையில் வெள்ளிக்கிழமை பூஜை. இயந்திரத்துக்கும் பொட்டு, கற்பூரம் எல்லாம் உண்டு. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் இயந்திரத்தின் கலத்திலிருந்து வழித்த பொடியை, அவசரத்தில், கையில் கிடைத்த கேன்டீன் கிண்ணத்தில் கொட்டி மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் அதே மாதிரி எவர்சில்வர் கிண்ணத்தில் திருநீறு.

குணா ஒன்றை எடுத்து எல்லோருக்கும் நீட்டினான். சர்ச்சுக்குப் போகிற ஹெலன் மட்டும் பூசிக்கொள்ளவில்லை. மற்றொன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

சாம்பலில் தேடினால் உயிர் எங்கிருந்து வரும்?

சிரிப்பும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தன. நெற்றித் தோலையே அரிக்கிறது என்றால் பொடி பிழைத்திருக்கிறது. ஆனால் கிண்ணத்தில் துளி மிச்சமில்லை. பக்தி அதிகமுள்ள ஷிப்ட்.

துளசிராமன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

“சார், தொடைக்காதீங்க!” ஹெலன் குறுக்கே பாய்ந்தாள். “ஜெகன் வந்து சொரண்டி எடுத்துக்கினு போவட்டும்.”