மூன்றாம் காட்சியில் விருந்து

"இது சரித்திர நாடகமா, கல்யாணப் பந்தியா?"

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் நாடக நோட்டை மேஜைமேல் ஓங்கி அடித்தார். வகுப்பறைத் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்த இருபது படைவீரர்களும் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு தொடர்ந்தார்கள்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன வருஷம் அவர் போட்ட அலெக்ஸாண்டர் நாடகத்தில், போரஸ் மன்னன் கைக்கடிகாரத்தோடு மேடையேறிவிட்டான். திண்டுக்கல்லே சிரித்தது. "மணி என்ன போரஸ்?" என்று பையன்கள் இன்னமும் கேட்கிறார்கள்.

போன மானத்தை இந்த ஐம்பத்தெட்டாம் வருஷ ஆண்டு விழாவில் மீட்டாக வேண்டும். உள்ளூர்க் கோட்டையில் ஹைதர் படை திரட்டிய கதையைப் பழைய புத்தகங்களில் தேடித் தேடி எழுதியிருந்தார். மதுரையிலிருந்து கல்வி அதிகாரி வேறு பார்க்க வருகிறார். சரித்திரத்தில் இல்லாத ஒரு வரிகூட மேடையில் வரக்கூடாது என்பது வாத்தியாரின் வைராக்கியம்.

வந்ததே, ஒரு முழுக் காட்சி!

எல்லாம் கிதர் முகம்மதுவின் வேலை. சாப்பாட்டுக் கடை முதலாளி. ஆறடி உயரம், கணீர் குரல். தளபதி வேஷத்துக்கு அவரை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். படைவீரர்களாக நடிக்க, தோல் பதனிடும் தோல்ஷாப்பு ஆட்கள் இருபது பேரைக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்றாம் காட்சியில் தளபதி, படைக்கு விருந்து வைக்க வேண்டும்.

"எந்தப் புத்தகத்துலயும் அப்படி இல்லையே பாய்!"

"எழுதுனவனுக்கு வயிறு ரொம்பியிருந்திருக்கும் சார். வெறும் வயித்தோட எந்தப் படை சண்டை போடும்?"

"சரி, வெறும் இலையை வச்சு நடிச்சுருங்க."

"வாயில சோறில்லாம மென்னா பொய்யாத் தெரியும் சார். கடைசி பெஞ்சுக்காரன் கண்டுபிடிச்சுருவான்."

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் குதிரைவண்டியில் அண்டா வந்து இறங்கியது. நெய்ச்சோறு, தாளிச்சா. ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் வண்டி மட்டும் தவறாது.

"வீரர்களே! வயிறார உண்ணுங்கள்!" என்று தளபதி பந்திக்கு நடுவில் உலாத்துவார். அண்டா காலியானதும் உதட்டைப் பிதுக்குவார்.

"இன்னைக்குச் சரியா அமையல சார். பின்வரிசை வீரன் முகத்துல தெம்பே இல்ல. நாளைக்கு இன்னொருக்காப் பாப்போம்."

கோட்டை முற்றுகைக்கு ஒரே ஒரு தடவைதான் ஒத்திகை நடந்தது. அதிலும் பாதிப் படை ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தளபதி புது வசனம் ஒன்றும் சேர்த்தார். "மிச்சத்தை உங்கள் கூடாரங்களுக்கு எடுத்துச் செல்லுங்கள்!" ஆளுக்கொரு பொட்டலம் கைமாறியது.

"கூடாரத்துக்கு எதுக்கு பாய் பொட்டலம்?"

"அங்கே நாலு பேரு இருப்பாங்கள்ல சார்?"

"சண்டைக்குப் பொண்டாட்டி பிள்ளையோடவா வருவான்?"

கிதர் முகம்மது ஒட்டுத்தாடியைச் சரிசெய்துகொண்டார்.

கடைக்கு விளம்பரம் தேடுகிறார் மனுஷன் என்று வாத்தியார் முடிவுகட்டினார். விழாவுக்குப் பத்தே நாள் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் சிவப்பு மையை எடுத்து, மூன்றாம் காட்சியை முழுசாக அடித்தார். பாய் முறைத்துக்கொண்டு போனால் போகட்டும். தானே தளபதி வேஷம் கட்டிவிடலாம். ஐந்தடி உயரம்தான், இருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. சாயங்காலம் நோட்டோடு காத்திருந்தார். கிதர் முகம்மது மட்டும் வந்தார். அண்டாவும் வரவில்லை, படையும் வரவில்லை.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் படைவீரன் கருப்புசாமி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். கையெல்லாம் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டைக் கறை.

"கோவிச்சுக்காதீங்க அய்யா. மழை விட்டுருச்சா, தோல்ஷாப்புல இன்னைக்கு வேலை ஆரம்பிச்சுட்டாங்க. இனி ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்குத்தான் வர முடியும்."

"இத்தனை நாளா வேலை இல்லையா?"

"மழையில தோலு எங்கிட்டுக் காயும்? இருபது நாளா வேலையும் இல்ல, கூலியும் இல்ல. கடைக்கு வந்து சாப்பிடுங்கடான்னு பாய் கூப்பிட்டாரு. ஓசிச் சோத்துக்கு யாரு போவா? ஒருத்தரும் போகல. அப்புறந்தான் உங்க நாடகத்தைப் பத்திச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"விருந்து சீன் இருந்தே ஆகணும்னு வாத்தியாரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, நிசமாவே சாப்பிட இருபது ஆளு வேணும்னு சொன்னாரு. அதுவும் ஒரு வேலைதானேன்னு வந்தோம்." கருப்புசாமி கையெடுத்துக் கும்பிட்டான். "என் வீட்டுக்காரி தெனமும் உங்களை வாழ்த்திட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பா அய்யா. வாரேன்."

அவன் போய்விட்டான். வாத்தியாருக்கு வெட்கத்தில் காது சுட்டது. நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அதற்குள் தளபதி எட்டி வாங்கிப் புரட்டிவிட்டார். மூன்றாம் காட்சி வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு.

"பாய்... நான் வந்து..."

கிதர் முகம்மது ஒட்டுத்தாடிக்குள் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு, அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும். சரித்திரத்துல இல்லாத சீன் நமக்கு எதுக்கு சார்?"