கண்ணையன் பத்தரின் கடுக்கன்

திண்டிவனத்தில் கண்ணையன் பத்தர் பட்டறை. மாமியாருக்குத் தெரியாமல் அழுக்கெடுக்கக் கொண்டுவந்த தாலிக்குண்டைப் பாஞ்சாலி கைக்குள் இறுக்கியிருக்கிறாள். யுத்தம் வந்ததிலிருந்து, அழுக்கெடுக்கும் திராவகப் பாட்டிலில் லேபிளே இல்லையாம். சுண்ணாம்பு கேட்க வந்த நான் வாசலிலேயே நிற்கிறேன். இதைவிட்டுப் போக மனசு வருமா? "வெடியுப்புல காய்ச்சி எறக்குனா வெடியுப்புத் திராவகம், கறியுப்புல எறக்குனா உப்புத் திராவகம். தனித்தனியா ரெண்டும் தங்கத்தைத் தொடாதும்மா" என்கிறார் பத்தர். "சேர்ந்தா?" என்கிறாள் அவள். "தின்னுடும்." பாஞ்சாலியின் கை திறக்கவில்லை. பத்தருக்கு ரோஷம். தன் தங்கக் கடுக்கனைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுத் திராவகத்தை ஊற்றுகிறார். புகை நெஞ்சை அடைக்கிறது, ஒருவரும் இருமவில்லை. கடுக்கன் சிறுத்துக்கொண்டே வருகிறது. உள்ளேயிருந்து அவர் மனைவி அம்சாவின் குரல்: "ஏங்க, ரெண்டு பாட்டிலும் அரை அரையா கெடந்துச்சுன்னு, நேத்து நான்தான் ஒண்ணா ஊத்தி வெச்சேன்."